மறு: ஸ்டூடியோ ஆல்பம் – 'கலையகக் கோவை' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களே,

> 'இசைத்தொகுப்பு' என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறதே, அது போதாதா?

ஸ்டூடியோ ஆல்பம் என்றால் ஒரு பாடகர் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிந்து ஒரே தட்டாக வெளியிடும் பல பாட்டுகளின் வரிசை. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் நம் கேள்வி, 'இசைத்தொகுப்பு' போதாது என்பதுதான் என் கட்சி. பாடகி ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' என்ற ஆல்பம் பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இந்தச் சிக்கல் வந்துவிடுகிறது, அதனால் அதையே உரைகல்லாக வைத்துப் பார்ப்போம். 'ஹெஜிரா' என்ற தலைப்புப் பாட்டு மூன்று விதமான தட்டுகளில் கிடைக்கிறது. முதலில் 1976 நவம்பரில் வந்த அதே பெயருள்ள ஸ்டூடியோ ஆல்பத்தில். அப்புறம் 1979இல் மேடையில் பாடிப் பதிவு செய்து 1980இல் வெளியிட்ட 'ஷேடோஸ் அண்ட் லைட்'டில். பிறகு 1996இல் வந்த 'மிஸ்ஸஸ்' என்ற தெரிவுத் தட்டில், அதாவது பழைய பாட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததில். மூன்றையும் 'இசைத்தொகுப்பு' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? தொகுப்பு என்றாலே ஏற்கெனவே இருப்பதை எடுத்துச் சேர்த்தது என்றுதான் தமிழ்க் காதில் விழும். அது மூன்றாவதற்கு மட்டும்தான் பொருந்தும்.

நம் பழைய இலக்கிய வகைகளே இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கின்றன. குறுந்தொகை பல புலவர்கள் பல காலத்தில் பாடியதைப் பின்னால் ஒருவர் சேர்த்து வைத்தது, அதனால் தொகை. தனிப்பாடல் திரட்டும் அப்படித்தான். திருக்கோவையார் அப்படி இல்லை, ஒரே புலவர் 400 பாட்டையும் ஓர் ஒழுங்கில் கோத்துப் பாடினார், ஒவ்வொன்றும் தனியே நிற்கும், ஆனால் வரிசையாகப் படித்தால் காட்சியிலிருந்து மணத்துக்குப் பிந்திய பிரிவு வரைக்கும் ஒரு கதை ஓடும். 'ஹெஜிரா'வும் அந்த மாதிரிதான். மிட்செல் அமெரிக்காவின் கிழக்கு ஓரத்து மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு திரும்பிய பயணத்தில் பிறந்தவைதான் அதிலுள்ள ஒன்பது பாட்டில் பெரும்பாலானவை. ஒன்றை எடுத்துவிட்டால் வழி அறுந்துபோகும். (தலைப்பும் நமக்குத் தெரிந்த சொல்தான், ஹிஜ்ரத், அதாவது இடம்பெயர்ந்து போதல். இதையாவது யாரும் பெயர்க்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.)

ஆகவே ஆல்பத்துக்கு 'கோவை'. ஊர்ப்பெயர் என்று நினைப்பார்கள் என ஒருவர் எழுதியிருந்தார். முன்னால் ஓர் அடைமொழி வந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

> ஆல்பம் என்றே எழுதினால் என்ன? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறு ஏதோ புரியும். இன்றைக்குத் தமிழில் 'ஆல்பம் பாட்டு' என்றால் படத்தில் வராத, காணொளியோடு தனியாக வெளியாகும் ஒற்றைப் பாட்டு என்று பொருளாகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருளுக்கு நேர்எதிர். கடன் வாங்கிய சொல் நம் வீட்டில் வந்து இப்படி மாறிய பிறகு அதை வைத்துக் கலைச்சொல் பட்டியல் போட்டால் பட்டியலுக்கு அர்த்தமே இல்லை.

இனி 'ஸ்டூடியோ'. இதைத்தான் எல்லாரும் வெறும் இடப்பெயராக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். தலைப்புப் பாட்டில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற கலைஞர் வாசித்திருக்கும் பேஸை, அதாவது கீழ்ச்சுருதிக் கிட்டாரைக் கேளுங்கள். ஓர் ஆள், ஆனால் நான்கு தனித்தனித் தடங்களில் வாசித்துப் பதிந்தது. சில இடங்களில் மட்டும் நான்கும் ஒன்றாகக் கூடும், மற்ற நேரத்தில் ஒன்று மேலே போகும், ஒன்று அடியில் முனகும். அந்தத் தடங்களைப் பாட்டின் அடிப்படைப் பதிவுக்கு மேல் பிறகு ஏற்றினார்கள். மேடையில் அதே ஆள் அதே பாட்டுக்கு வாசித்தார், ஆனால் இரண்டு கைதானே இருக்கிறது, நான்கு பேஸ் வராது. ஆக ஸ்டூடியோ என்பது பதிவு நடந்த இடம் மட்டுமில்லை, அடுக்கடுக்காகச் செய்த முறையும் சேர்த்துத்தான். கோத்தல் என்ற வினை இதையும் தாங்கும் என்பது 'கோவை'க்கு இன்னொரு பலம்.

'ஒலிப்பதிவுக்கூடம்' சரியான சொல், ஆனால் அடைமொழியாக வைக்க நீளம். சுருக்கிக் 'கூடக் கோவை' என்றால் 'கூட' என்ற சொல்லோடு இடிக்கும், வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், 'இது மிட்செலின் எட்டாவது கூடக் கோவை', எட்டாவதும்கூடவா என்று கேட்பார்கள். இலங்கை வானொலிக்காரர்களுக்குப் பழகிய 'கலையகம்' கையில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோ ஆல்பம் கலையகக் கோவை, நேரடி நிகழ்ச்சித் தட்டு மேடைப் பதிவு, தெரிவுத் தட்டு பாடல் திரட்டு. 'மேடைக் கோவை' என்றும் சொல்லலாம்தான், எனக்கு ஆட்சேபம் இல்லை, பதிவு என்பது இன்னும் நேராக இருக்கிறது, அவ்வளவுதான்.

> ஜாஸ் பாணி ஆல்பம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். பாணி என்றால் ஜாஸ் ஆல்பமே என்றாகிவிடும். அது ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸோடு மிட்செல் சேர்ந்து தொடங்கி அவர் இறந்தபின் 1979இல் வந்த 'மிங்கஸ்' கோவைக்கு வேண்டுமானால் பொருந்தும். 'ஹெஜிரா'வில் ஜாஸ் பின்னால்தான் நிற்கிறது. கிட்டார் சுருதியை மிட்செல் தன் விருப்பத்துக்குத் திருப்பி வைப்பதால் வரும் முடிவுக்கு வராத ஸ்வரக்கூட்டுகளிலும் பேஸின் நழுவலிலும்தான் அது தெரியும். 'ஜாஸ் சாயல்' போதும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜாக்கோவின் 'ஃப்ரெட்லெஸ் பேஸ்', அதாவது கழுத்தில் ஸ்வர இடம் காட்டும் குறுக்குக் கட்டைகள் (ஃப்ரெட்) இல்லாத பேஸ். வீணையில் ஃப்ரெட்டுக்கு மெட்டு என்றுதான் பெயர், கோட்டுவாத்தியம் மெட்டில்லாத வீணைதான், எனவே 'மெட்டில்லாப் பேஸ்' இலக்கணப்படி சரி. ஆனால் கட்டுரையில் அப்படி எழுதினால் பாட்டே வராத பேஸ் என்று படிப்பார்கள். 'மெட்டுக்கம்பி' என்று மாற்றினால் கம்பி தந்தியாகிவிடும். குழுவில் வீணை வாசிப்பவர்கள் இருந்தால் அவர்கள் பேச்சில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், அதுவரை கட்டுரையில் ஃப்ரெட்லெஸ் என்றே விட்டு வைக்கிறேன்.