270 டிகிரி காட்டிய கோணம்

முதல் பயிலரங்கில் நான் செய்தது சுத்த சொதப்பல். ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு இரண்டே மணி நேரத்தில் ஒன்பது செயலிகளைக் காட்டினேன். கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் 2006-ல் எழுதிய டிபேக் (TPACK) கருத்தையும் விடவில்லை. ஆசிரியருக்கு பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் இணைந்த அறிவு வேண்டும் என்று, ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டம் போட்டு விளக்கினேன். கைதட்டினார்கள். ஒரு மாதம் கழித்து விசாரித்தால், ஒருவர்கூட எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த முறை செயலிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "எந்தப் பாடம் எடுக்கும்போது உங்களுக்கே அலுப்பு தட்டுகிறது?" என்று மட்டும் கேட்டேன். கணிதம் கற்பிக்கும் முறைகளை நடத்தும் ஒரு மேடம் உடனே சொன்னார்: "அரைவட்டத்தில் அமையும் கோணம். 90 டிகிரி என்று நான் சொல்வேன், மாணவ ஆசிரியர்கள் எழுதிக்கொள்வார்கள். நாளைக்கு அவர்களும் பள்ளியில் போய் அப்படியே சொல்வார்கள்."

சரி என்று இருவரும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தோம். ஒரு வட்டம், ஒரு விட்டம், பரிதியில் ஒரு புள்ளி. புள்ளியை எங்கே நகர்த்தினாலும் கோணம் 90-லேயே நின்றது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

வகுப்பில்தான் வினை வந்தது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்த வேகத்தில் புள்ளி விட்டத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டது. திரையில் 270°! எனக்கு வியர்த்துவிட்டது. அந்த மென்பொருள் கோணத்தை இடஞ்சுழியாக அளக்கும். புள்ளி மறுபக்கம் போனால் பின்வளை கோணத்தை, அதாவது 180-ஐத் தாண்டிய வெளிப்பக்கக் கோணத்தைக் காட்டிவிடும். 180-க்குள் மட்டும் காட்டும்படி அமைப்பில் மாற்றலாம். அதை நான் ஒத்திகையில் கவனிக்கவே இல்லை. மாற்ற எழுந்தவனை மேடம் கையமர்த்தினார்.

"உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, இது ஏன் இப்படி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார் மாணவ ஆசிரியர்களைப் பார்த்து.

அரை மணி நேரம் வாக்குவாதம். நடுவில் ஒருவர், "இழுத்துப் பார்த்தால் நிரூபித்ததாகிவிடுமா மேடம்?" என்று கேட்டார். மேடம் சாக்பீஸை எடுத்தார். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரே ஒரு ஆரம், இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். அப்புறம் யாரும் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் ஸ்லைடில் இருந்த மூன்று வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடம் எதுவென்று எனக்கே அன்றுதான் பிடிபட்டது.

அந்த அமைப்பை அவர் இன்னும் மாற்றவில்லை. இப்போதெல்லாம் வேண்டுமென்றே புள்ளியைக் கீழே இழுக்கிறாராம்.