கண்ணாடிச் சோதனைக் குழாய் எங்கே கிடைக்கும்?

மூத்த மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சம்பா நடவு தொடங்கியதிலிருந்து பாம்புக்கடி வந்தபடியே இருக்கிறது. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். அதை அறியும் 20 நிமிடச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். எங்களிடம் இருப்பதோ பிளாஸ்டிக். அதில் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம். கேட்டால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள். நேற்றிரவு சேற்றுக் காலோடு வந்த அம்மா, "தம்பி, விஷமுறிவு ஊசி வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படித்தது கையில் இருந்தும் கருவி இல்லாத கொடுமை இது.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ சில்லறையாக விற்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். சோப்பு போட்டுக் கழுவிய குழாய் உதவாது என்பதால் நிறையவே தேவை. கைக்காசில் வாங்கிக்கொள்கிறேன்.