எக்ஸ்ரேயில் நிழலாம், சளி கொடுக்கச் சொல்கிறார்கள். விசா அவ்வளவுதானா?

கூடுமாறி:
அவசரம். விசாவுக்கான மெடிக்கல் முடித்துவிட்டோம். வீட்டில் மற்ற எல்லாருக்கும் சிக்கல் இல்லை. இன்று கிளினிக்கிலிருந்து போன். என் எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஏதோ நிழல் தெரிகிறதாம், காசநோயா என்று பார்க்க மூன்று நாள் தொடர்ந்து காலையில் வந்து சளி கொடுக்க வேண்டுமாம். எனக்கு இருமல்கூட இல்லை. ரிசல்ட் வர இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். ஆனால் 28 நாளில் மெடிக்கலை முடிக்கச் சொல்லித்தான் கடிதம் வந்தது. விசா போய்விடுமா? யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.

சுடர்விழி:
எந்த நாடு? எந்த விசா? உங்கள் வயது என்ன? முன்பு எப்போதாவது நெஞ்சுச்சளி, நுரையீரல் என்று வைத்தியம் பார்த்ததுண்டா? இதில் ஒன்றுகூடத் தெரியாமல் என்ன சொல்வது?

வளைகுடாவாசி:
பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம், ஆனால் எக்ஸ்ரேயில் நிழல் என்றால் கஷ்டம்தான். எங்கள் வளைகுடா நாடுகளில் வாஃபித் (முன்பு காம்கா என்பார்கள்) என்ற பதிவு முறை மூலம்தான் மெடிக்கல். பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே 'அன்ஃபிட்' போட்டுவிடுவார்கள். என் அறைத்தோழர் நல்ல திடகாத்திரமான ஆள், ஒரு நாள் இருமிப் பார்த்ததில்லை. அவருக்கும் அப்படித்தான் ஆனது.

படச்சட்டம்:
எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. எடுக்கும்போது கழுத்தில் செயின், கயிறு ஏதாவது இருந்ததா? தலைமுடியைத் தூக்கிக் கட்டச் சொன்னார்களா? ஈரமான பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரலின் மேல்பகுதியில் அப்படியே கோடாக விழும். சட்டைப் பொத்தான், உள்ளாடைக் கொக்கி எல்லாம் இப்படித்தான். நான் பார்த்தவரை இதுதான் காரணமாக இருக்கும். மறுபடி ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேன்சிட்டு:
சளி கொடுக்கும் முன் ஒரு வாரம் நல்ல ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளுங்கள். லீவோஃப்ளாக்சசின் போட்டால் நெஞ்சு சுத்தமாகிவிடும், ரிசல்ட்டும் சுத்தமாக வரும்.

நெடுவழி:
தேன்சிட்டு, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் அடக்கி வைக்கும். நோய் இருந்தால் கல்ச்சரில் (சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முளைக்காமல் ஒளிந்துகொள்ளும், பிறகு மருந்துக்கு அடங்காத நோயாக வந்து நிற்கலாம். ரிசல்ட் சுத்தமாக வருவதற்கும் உடம்பு சுத்தமாக இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கூடுமாறிக்கு: 28 நாள் என்றவுடனேயே ஆஸ்திரேலியா என்று தெரிந்துவிட்டது. எத்தனையோ முறை இங்கே எழுதியாகிவிட்டது, கேள்வி கேட்கிறவர்கள் ஒரு பத்து நிமிடம் பழைய இழைகளைப் படித்துவிட்டு வரலாம். பேனல் டாக்டர், அதாவது விசா மெடிக்கல் பார்க்க அந்த நாடு நியமித்த டாக்டர், உங்களைப் 'பாஸ்', 'ஃபெயில்' போடுகிறவர் அல்ல. ஈமெடிக்கல் என்ற இணையப் பதிவில் ஏ அல்லது பி என்று குறித்து அனுப்புவார். குறிப்பிடத்தக்க எதுவும் இல்லையென்றால் ஏ, ஏதாவது இருந்தால் பி. பி என்றால் அங்கிருக்கும் அரசு மருத்துவ அதிகாரி பார்ப்பார். முடிவு அவர்கள் கையில். கேஸ் தாமதமாகும், அவ்வளவுதான்.

கூடுமாறி:
ஆமாம், ஆஸ்திரேலியாதான். சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். பிஆர் (நிரந்தரக் குடியுரிமை விசா). வயது 34. செயின் எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நின்றேன், முடியையும் கொண்டை போட்டிருந்தேன். 28 நாளுக்கு என்ன செய்வது?

சுடர்விழி:
அதற்குப் பதற வேண்டாம் சகோதரி. மேல்பரிசோதனை நடக்கிறது என்று கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கி, இம்மிஅக்கவுண்டில் (விசாத் துறையின் இணையக் கணக்கு) ஏற்றி, இரண்டு வரி எழுதிவிடுங்கள். கல்ச்சருக்கு 6 முதல் 8 வாரம் ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும், காசநோய்க் கிருமி அவ்வளவு மெதுவாகத்தான் வளரும். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லையே. முன்பு வைத்தியம் ஏதாவது?

கூடுமாறி:
அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். ஐந்து வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்களாம். கழுத்தில் கட்டி இருந்ததாம். அதுவா காரணம்? படிவத்தில் காசநோய் வந்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்திருக்கிறேன். பிரைமரி காம்ப்ளக்ஸ் காசநோய் என்று வீட்டில் யாரும் சொன்னதே இல்லை.

சுடர்விழி:
அதேதான். நம் வீடுகளில் காசநோய் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள், பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். காசநோய்க் கிருமி முதன்முதலில் உடம்புக்குள் நுழையும்போது வருவதுதான் அது. ஆறினபின் சுண்ணாம்பு படிந்த புள்ளியாகவோ தழும்பாகவோ எக்ஸ்ரேயில் ஆயுளுக்கும் தெரியலாம்.

வளைகுடாவாசி:
இதை வெளியே சொல்லவே சொல்லாதீர்கள். மூன்று சளியும் நெகட்டிவ் வந்தால் தானாகப் போய்விடும். நீங்களாகப் போய்ப் பழைய கதையைச் சொன்னால் தோண்டத் தொடங்குவார்கள்.

நெடுவழி:
வளைகுடாவாசி, உங்கள் ஊர் விதியை இங்கே கொண்டுவந்து பொருத்தாதீர்கள். அங்கே தழும்பே தடை. ஆஸ்திரேலியாவில் செயலில் உள்ள காசநோய்தான் தடை, அதுவும் சிகிச்சை முடித்துவிட்டால் கேஸ் தொடரும். ஆறின தழும்பு தடையில்லை. ஆனால் மறைப்பது தடை. பொது நலன் விதி 4020 என்று ஒன்று உண்டு. அவர்களுடைய மருத்துவ அதிகாரிக்குப் பொய்யான தகவல் கொடுத்தாலும் அது பாயும். விசா மறுப்பு, கூடவே மூன்று வருடத் தடை.

வளைகுடாவாசி:
வெளிநாட்டு வேலை இல்லாமல் குடும்பம் என்ன பாடுபடும் என்று அனுபவித்தவன் நான். என் அறைத்தோழர் உண்மையைச் சொல்லித்தான் திரும்பிப் போனார். அதனால்தான் சொல்கிறேன்.

நெடுவழி:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவரைத் திருப்பி அனுப்பியது எக்ஸ்ரே. வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். இவருக்கும் எக்ஸ்ரேயில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? பழைய வைத்தியம் பார்த்ததைச் சொன்னால் அந்த நிழலுக்கு ஒரு காரணம் கிடைக்கும். சொல்லாவிட்டால் காரணம் தெரியாத நிழலாகவே இருக்கும்.

படச்சட்டம்:
இருந்தாலும் இன்னொரு படம் எடுப்பதில் தவறில்லை என்பதே என் கருத்து.

சுடர்விழி:
வெளியே எடுக்கும் படத்தை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள் நண்பரே, பேனல் கிளினிக்கில் எடுத்தால்தான் செல்லும். பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருந்தால் அது வேறு விஷயம். ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் இதே நிழல் இதே அளவில் இருந்தால் அது பெரிய உதவி.

கூடுமாறி, படிவத்தைப் பற்றிக் கலங்க வேண்டாம். சளி கொடுக்கப் போகும்போது டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள். சிறுவயது, அம்மாவிடம் கேட்டு இப்போதுதான் தெரிந்தது என்று உள்ளதை உள்ளபடி. பழைய சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சளி கொடுப்பதில்தான் நிறையப் பேர் திணறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல் போங்கள். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும், மவுத்வாஷ் வேண்டாம். நல்ல காற்றோட்டமான இடத்தில் நிற்கவைத்து ஒரு டப்பா கொடுப்பார்கள், ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். தொண்டையைக் கனைத்துத் துப்பினால் அது எச்சில், கணக்கில் வராது. மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, விட்டு, இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தபின் வயிற்றிலிருந்து இருமுங்கள். கெட்டியாக வருவதுதான் சளி. வரவே இல்லையென்றால் உப்புத் தண்ணீரை நெபுலைசரில் ஆவியாக்கிக் கொடுப்பார்கள், ஐந்து பத்து நிமிடத்தில் இருமல் கிளம்பிவிடும். உங்களைப் போல இருமலே இல்லாதவர்களுக்கு இதுதான் வழி, கேட்க வெட்கப்படாதீர்கள்.

மழைக்காலம்:
இதே இழையில் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். எக்ஸ்ரே கட்டாயமா? எனக்குச் சர்க்கரையும் உண்டு, அதனால் விசா மறுப்பார்களா?

நெடுவழி:
தனி இழை திறந்திருக்கலாம். எக்ஸ்ரேயைப் பிரசவம் வரை தள்ளிவைக்கலாம், கேஸும் அதுவரை நிற்கும். அவசரம் என்றால் அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு எடுப்பதுண்டு. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கல் வராது. சிறுநீரகம் பாதித்திருந்தால்தான் அங்கே வைத்தியத்துக்கு அரசுக்கு எவ்வளவு ஆகும் என்று செலவுக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தச் செலவுக்கான வரம்பை 2024 ஜூலையில் 86,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தினார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், பட்டியலாக எழுதிக் கொண்டுபோங்கள்.

தேன்சிட்டு:
நான் சொன்ன மருந்தை யாரும் போட வேண்டாம். எனக்குச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். நெடுவழி சொன்னது இப்போதுதான் தெரியும்.

கூடுமாறி:
எல்லாருக்கும் நன்றி. முதல் நாள் வரவே இல்லை, ஆவி பிடித்தபின்தான் வந்தது. டாக்டரிடம் சொன்னேன், ஒன்றும் கோபிக்காமல் எழுதிக்கொண்டார். ஸ்மியர் (சளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை) மூன்றும் நெகட்டிவ், கல்ச்சரும் நேற்று நெகட்டிவ் வந்தது. இப்போது 815 என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

சுடர்விழி:
மிகவும் சந்தோஷம் சகோதரி. தாராளமாகப் போடுங்கள். அங்கே இறங்கியபின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்வதற்கான உறுதிமொழிதான் அது. போய்ச் சேர்ந்த 28 நாளுக்குள் அதில் சொல்லியிருக்கிற சேவைக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அவர்கள் ஒரு மார்பு மருத்துவமனையில் நேரம் வாங்கித் தருவார்கள். இந்த எக்ஸ்ரேயின் பிரதியைக் கிளினிக்கில் கேட்டு வாங்கிப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.