மாம்பலம் குடும்பம்: தாத்தாவைத் தேடிய மாலை

சித்தி: மாமா நாலரை மணிக்கு வெளியே போனார். ஏழாகிறது, இன்னும் காணோம். யாரிடமாவது பேசினாரா?

அத்தை: அப்பாவா? என்னிடம் இல்லையே

சித்தி: ரிங் போகிறது, எடுக்கவில்லை. போன் வீட்டிலும் இல்லை.

கார்த்தி: தாத்தா போன் இருக்கும் இடம் என் மேப்பில் தெரியும். இருங்கள்.

கார்த்தி: மேற்கு மாம்பலம். நம் பழைய தெரு.

அத்தை: ஐயோ. சேலையூரிலிருந்து தனியாகவா?

அத்தை: அவரை அந்த வீட்டைவிட்டுக் கிளப்பாதீர்கள் என்றேன். யார் கேட்டீர்கள்?

சித்தி: மூன்று வருடம் மாடிப்படியில் கைப்பிடித்து இறக்கியது நான் அண்ணி

பெரியப்பா: இப்போது அது வேண்டாம். கோடம்பாக்கத்தில்தான் இருக்கிறேன், போய்ப் பார்க்கிறேன்.

அத்தை வீட்டு மாமா: மச்சான், பரண்மேல் வீட்டு வரி ரசீது இருந்தால் எடுத்து வாருங்கள்

அத்தை: இப்போதா அது?

பெரியப்பா: வீடு பூட்டிக் கிடக்கிறது. இஸ்திரி வண்டிக்காரரும் பார்க்கவில்லையாம்.

கார்த்தி: சித்தி, வைஃபை பெட்டி புதிதா?

சித்தி: மாம்பலத்தில் இருந்ததுதான். உள்ளறைக்கு வாங்கிய சின்னப் பெட்டியும் வந்தது. ஏன்?

கார்த்தி: அப்படியானால் தாத்தா மாம்பலம் போகவே இல்லை. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது. அப்போது போன், பக்கத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று பார்க்கும். கடவுச்சொல் வேண்டாம், சிக்னல் எட்டினால் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் 12 இலக்க அடையாள எண் உண்டு. நாம் வைத்த பெயரை மாற்றினாலும் அது மாறாது. தெருவில் போகிறவர்களின் போன்கள் அந்த எண்ணையும் தாங்கள் நிற்கும் இடத்தையும் அனுப்பி அனுப்பி, எந்தப் பெட்டி எந்தத் தெரு என்று கூகுளிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. நம் இரண்டு பெட்டியும் வருடக்கணக்கில் மாம்பலத்தில் இருந்தவை. வீடு மாறி மூன்று வாரம்தான். புது அடுக்ககத்தில் வேறு யாரும் குடிவரவும் இல்லை, அதனால்

பெரியப்பா: சுருக்கமாகச் சொல்லடா

கார்த்தி: நம் பெட்டிகளை மட்டும் பார்த்துத்தான் போன் மாம்பலம் என்று காட்டுகிறது. அது நம் வைஃபை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மேல்மாடி, கீழ்மாடி பாருங்கள் சித்தி.

அத்தை: முருகா

சித்தி: கிடைத்துவிட்டார்!! மேல் வீட்டில். வயரிங் செய்யும் பையனுக்கு எர்த் கம்பி பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன் சைலண்டில்.

பெரியப்பா: மின்வாரியத்துக்காரர், விடுவாரா

அத்தை: சாப்பிட்டாரா?

சித்தி: தோசை ஊற்றுகிறேன். அண்ணி, நான் பேசியதை மனதில் வைக்காதீர்கள்.

கார்த்தி: பட்டியல் தானாகத் திருந்தும், நாளாகும். பட்டியலிலேயே நம் பெட்டி வேண்டாமென்றால் வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு நோமேப் என்று ஆங்கிலத்தில் சேர்க்கலாம். அப்படிப் பெயர் வைத்த பெட்டிகளை 2011லிருந்தே கூகுள் விட்டுவிடுகிறது.

பெரியப்பா: அது அம்மா பெயர். தொடாதே.

கார்த்தி: பாட்டி பெயர் அப்படியே இருக்கும் பெரியப்பா, பின்னால்தான் சேரும்

அத்தை: அப்பாவைக் கேட்டுச் செய்

அத்தை வீட்டு மாமா: ரசீது?

பெரியப்பா: சாவி இல்லை. ஞாயிறு பார்ப்போம்.

அத்தை: ஞாயிறு அப்பாவையும் அழைத்துப்போனால் என்ன?

சித்தி: படி ஏறணுமே அண்ணி