அப்பாவுக்கு இ.எஃப். 28: பைபாஸா, ஸ்டென்ட்டா?

கேள்வி:
அப்பாவுக்கு 64 வயது, இருபது வருடச் சர்க்கரை. பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்கோவில் இ.எஃப். (இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 28 என்று வந்தது, ஆஞ்சியோவில் இதயத்தின் மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு. ஒரு டாக்டர் பைபாஸ்தான் என்கிறார். இன்னொருவர், இந்த இதயம் ஆபரேஷன் தாங்காது, ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்கிறார். நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்று அம்மா அழுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
தம்பி, என் கணவருக்கு இ.எஃப். 30. இதே பயத்தில் மூன்று வாரம் தூங்கவில்லை. கடைசியில் பைபாஸ் செய்தோம். இதயம் பலவீனம் என்பதற்காகவே பைபாஸ் கூடாது என்றில்லை. ஸ்டிச் என்ற ஆய்வில் இ.எஃப். 35க்கு மேல் போகாத 1,212 பேர் இருந்தார்கள். பத்து வருடத்தில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பைபாஸும் செய்துகொண்டவர்களில் 59. ஆனால் முதல் மாதம் ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், பலன் வருடங்கள் கழித்தே தெரியும். வீட்டுக்கு வந்தபின் இவர் இருமும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். இரண்டு மாதம் அப்படித்தான் போனது. அம்மாவிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில்:
நான் ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் கேத் லேபில் வேலை செய்கிறேன். 2022இல் வந்த பிரிட்டன் ஆய்வில் இதே மாதிரி 700 பேர். ஸ்டென்ட் வைத்தும், இறப்போ இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதோ குறையவில்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு அப்படி நடந்தது, ஸ்டென்ட்டும் வைத்தவர்களில் 37. ஆனால் அவர்களின் சராசரி வயது 70ஐ ஒட்டி, ஸ்டிச்சில் 60தான். அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் மூன்று குழாய் அடைப்பும் இருப்பதால் என் மனம் பைபாஸ் பக்கம்தான். கிட்னி, நுரையீரல் மோசமாக இருந்தால் கணக்கே வேறு. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின், எவ்வளவு? பைபாஸ் ரத்தக்குழாயை ஒட்டுவதற்கு நல்ல இடம் இருக்கிறதா என்று சர்ஜன் ஆஞ்சியோ வீடியோ இருக்கும் சிடியைப் பார்த்தாரா? எதைச் செய்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. கிரியாட்டினின் 1.2. சர்ஜன் இன்னும் சிடியைப் பார்க்கவில்லை, ரிப்போர்ட் மட்டும்தான் பார்த்தார். திங்கட்கிழமை சிடியோடு போகிறேன். அம்மாவையும் கூட்டிப் போகிறேன்.