வார்சா பழைய நகரம்: அரை நாளா, இரண்டு நாளா?

பழங்கல்:
போலந்துப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வார்சாவின் பழைய நகரத்துக்கு (ஸ்டாரே மியாஸ்டோ) இரண்டு நாள் ஒதுக்குகிறார்கள். என் கட்சி: அரை நாள் போதும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த 1944 வார்சா எழுச்சியை அடக்கியபோதும் அடக்கிய பிறகும் ஜெர்மானியப் படை குண்டு போட்டும் கொளுத்தியும் வெடிவைத்தும் தரைமட்டமாக்கிய இடம் அது. வரலாற்று மையத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. இன்று எல்லோரும் படம் எடுக்கும் ரினெக் (சந்தை) சதுக்கம் 1953 ஜூலை 22-இல் திறக்கப்பட்டது. நம்மில் பலருடைய அப்பாவுக்கு அதைவிட வயது அதிகம். ரயிலில் இரண்டரை மணி நேரத் தூரத்தில் கிராகோவ் இருக்கிறது, அங்கே இடைக்காலச் சதுக்கம் இடியாமல் நிற்கிறது. அசல் இருக்க நகலுக்கு எதற்கு இரண்டு நாள்?

விஸ்துலாக்கரை:
சார், அங்க போய் 17-ஆம் நூற்றாண்டைத் தேடினா ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியது 1949–53. அந்தக் காலத்து வேலையா பார்த்தா அதுவும் அசல்தான். யுனெஸ்கோ 1980-ல அதைப் பட்டியல்ல சேர்த்ததே அந்த மறுகட்டுமானத்துக்காகத்தான்.

எங்க இறங்குறோம்ங்கறதுலயே பாதி விஷயம் இருக்கு. டிராம்ல 'ஸ்டாரே மியாஸ்டோ' நிறுத்தத்துல இறங்குங்க. அது மேட்டுக்குக் கீழே, வூ-ஸெட் (கிழக்கு–மேற்கு) சாலையோட சுரங்க வாயில்கிட்ட இருக்கு. அங்கிருந்து நகரும் படிக்கட்டு நேரா அரண்மனைச் சதுக்கத்துக்கு ஏத்திவிடும். 1949-ல சோவியத் இயந்திரம் வச்சுத் திறந்தது, 2005-ல புதுப்பிச்சாங்க. மேலே பழைய நகரம், அடியில் அதே 1949-ல திறந்த வாகனச் சுரங்கம். இதைப் பார்க்காம மேல்வழியா வந்தவங்கதான் பெரும்பாலும் "சினிமா செட்"னு எழுதுறாங்க.

காகித டிக்கெட்டா இருந்தா டிராம்ல ஏறின உடனே உள்ளே இருக்கிற இயந்திரத்துல முத்திரை குத்திடுங்க. காசு கொடுத்து வாங்கின டிக்கெட்தான்னாலும் முத்திரை இல்லேன்னா அபராதம்.

சாரம்:
இந்தப் பேச்சு வந்தாலே "கனலெட்டோ ஓவியங்களைப் பார்த்துக் கட்டினார்கள்" என்று யாராவது எழுதுவார்கள், அதற்குள் சொல்லிவிடுகிறேன். அது பாதி உண்மை. வார்சாவில் கனலெட்டோ என்று அழைக்கப்படுபவர் பெர்னார்டோ பெலோட்டோ, 18-ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய படங்கள் அதிகம் உதவியது க்ராகோவ்ஸ்கே ப்ஷெட்மியெஷ்சிய தெருவின் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும். பழைய நகரத்து வீடுகளுக்கு ஆதாரம் வேறு: போருக்கு முன்பே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை எடுத்து வைத்திருந்த அளவு வரைபடங்கள். ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த வேலை ரகசியமாகத் தொடர்ந்தது. எழுச்சிக்குப் பிறகு வரைபடங்களை வெளியே கடத்திப் பியோட்ர்குவ் ஊர் மடாலயம் ஒன்றில் ஒளித்தார்கள். 1945-இல் தொடங்கிய தலைநகர் மறுகட்டுமான அலுவலகத்தின் ஆவணங்கள் 2011-இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவு' பட்டியலில் சேர்ந்தன. வெறும் செட்டுக்கு இவ்வளவு அளவெடுப்பு தேவைப்படாது.

பழங்கல்:
அளவெடுத்தது சரி, அளந்தபடி கட்டினார்களா? மூன்று இடம் சொல்கிறேன்.

புனித யோவான் பேராலயத்தின் முகப்பு. போருக்கு முன் அங்கே நின்றது 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில பாணி கோத்திக் முகப்பு. அதற்குப் படமும் உண்டு, வரைபடமும் உண்டு. அதை விட்டுவிட்டு, கட்டடக்கலைஞர் யான் ஸாக்வதோவிச் மசோவிய (வார்சா வட்டார) செங்கல் கோத்திக் ஒன்றைப் புதிதாக வடிவமைத்தார். நோவி ஷ்வியாட் தெருவில் போருக்கு முன் உயரமும் குட்டையுமாக நின்ற வரிசை, திரும்பி வந்தபோது ஒரே உயரமாகிவிட்டது. அடுத்தது வீடுகளின் கொல்லைப்பக்கம். முன்வீட்டுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்ற பின்கட்டுகளைப் பெரும்பாலும் திரும்பக் கட்டவே இல்லை.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமாயிற்று? 1945 அக்டோபர் 26-ஆம் தேதி ஆணை, பியெரூத் ஆணை என்பார்கள், நகர எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதையும் நகராட்சிக்கு மாற்றியது. நிலத்துக்காரன் வாயை அடைத்துவிட்டால் 19-ஆம் நூற்றாண்டையே அழித்து எழுதலாம். அந்த நிலங்களைத் திருப்பித் தருவது பற்றிய வழக்குகள் அண்மைக்காலம் வரை ஓடின.

சாரம்:
பேராலய முகப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அது மறுகட்டுமானமே இல்லை, ஒரு கருத்து.

பின்கட்டு விஷயத்தில் இல்லை. அங்கே காற்றும் வெளிச்சமும் புகாத கிணறு மாதிரியான முற்றங்கள்தான் இருந்தன. முகப்பையும் தெருக்கோட்டையும் காப்பாற்றி, உள்ளே குளியலறையும் சூடாக்கும் வசதியும் உள்ள குடியிருப்புகளாக மாற்றியது அறிந்தே எடுத்த முடிவு. மேடையின் தட்டிக்குப் பின்னால் யாரும் குடித்தனம் செய்வதில்லை, இங்கே ஆள் இருக்கிறார்கள். நடைவழி திறந்திருக்கும் முற்றம் எதிலாவது எட்டிப் பாருங்கள்: பின்சுவரில் அலங்காரம் ஒன்றுமில்லாத 1950-களின் ஜன்னல் வரிசை தெரியும். சதுக்கத்து முகப்பு ஓவியங்களும் 1953-க்காகத் தீட்டியவை. அவற்றில் பல ஸ்க்ராஃபிட்டோ: அடர்நிறச் சாந்தின் மேல் வெளிர்ச் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் மேற்பூச்சைச் சுரண்டிக் கோடு எடுப்பது. காலைச் சாய்வெயிலில் போனால் கீறலின் ஆழம் தெரியும். உச்சி வெயிலில் வெறும் சாயம் போலத் தோன்றும்.

பழங்கல்:
அப்படியென்றால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நேர்மையாகச் செய்தது. அங்கே ஃப்ராவன்கிர்ஹெ தேவாலயம் 1945 பிப்ரவரி 15-இல் சரிந்தது, 1994–2005-இல் எழுப்பினார்கள். கரிந்த பழைய கல் கறுப்பாகவும் புதுக்கல் வெளுப்பாகவும் அப்படியே தெரிகிறது. எது பழசு எது புதுசு என்று குழந்தைகூடச் சொல்லும். வார்சாவில் எல்லாவற்றுக்கும் மேல் சாந்து.

சாரம்:
அந்தக் கறுப்பு தீயால் வந்ததல்ல. எல்பே மணற்கல் காற்றும் மழையும் பட்டுத் தானாகக் கறுக்கும், போர் தொடாத டிரெஸ்டன் சுவர்களும் கறுப்புதான். புதுக்கல்லும் மெல்லக் கறுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் சில தலைமுறை போனால் நீங்கள் சொல்லும் நேர்மை தானே மறைந்துவிடும். வார்சா வீடுகள் போருக்கு முன்பும் சாந்து பூசியவைதான். செங்கல்லை வெளியே காட்டினால் அதுதான் பொய். செங்கல் பார்க்க வேண்டுமானால் பார்பகன் கோட்டை வாயிலுக்குப் போங்கள். 1952–54-இல் கட்டியது, அதில் நிசா, வ்ரோட்ஸ்வாவ் ஊர்களில் இடித்த பழைய கட்டடங்களின் செங்கல் இருக்கிறது. (வேறு ஊரைப் பிரித்து இந்த ஊரைக் கட்டினார்கள் என்பது தனிப் பஞ்சாயத்து.)

ரயில்பைத்தியம்:
தத்துவம் நடக்கட்டும். போறவங்களுக்குக் கிழமைக் கணக்கு: திங்கள்ல அரண்மனையும் ரினெக்ல இருக்கிற வார்சா அருங்காட்சியகமும் மூடியிருக்கும். செவ்வாய்ல எழுச்சி அருங்காட்சியகமும் போலின் யூத வரலாற்று அருங்காட்சியகமும் மூடியிருக்கும். பழைய நகரத்துக்குத் திங்கள் மட்டும் ஒதுக்கினா அங்க வெளிச்சுவர் மட்டும்தான் பார்க்கலாம், பழங்கல் சார் கட்சியிலதான் சேரணும். புதன்லேர்ந்து ஞாயிறுக்குள்ள வச்சுக்குங்க.

தினமும் 11:15-க்கு அரண்மனைக் கோபுரத்துல ஊதுகொம்பு வாசிப்பாங்க. 1939 செப்டம்பர் 17 குண்டுவீச்சுல கோபுரக் கடிகாரம் நின்ன நேரம் அது. பத்து நிமிஷம் முன்னாடி சதுக்கத்துல நில்லுங்க. கேட்டதும் அரண்மனையோட தெற்குப் பக்கமா போனா சிகிஸ்மண்ட் தூணோட (அந்த அரசரோட சிலையைத் தாங்குற தூண்) பழைய தண்டுகள் ரெண்டு புல்தரையில கிடக்கும். சதுக்கத்துல நிமிர்ந்து நிக்கறது 1949-ல போட்ட தண்டு.

தெரு முழுக்க கருங்கல் பாவு. சின்னச் சக்கரப் பெட்டியை இழுத்துட்டுப் போனா சக்கரம் கழண்டுடும், பெட்டியை ரயில் நிலையப் பெட்டகத்துல வச்சிடுங்க. கமியென்னே ஸ்கோட்கி படிகள் செங்குத்து, வயசானவங்களை அந்த வழியா ஆத்துப் பக்கம் இறக்க வேண்டாம்.

சைவக்காரங்களுக்கு: பியெரோகி ருஸ்கியே, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வச்ச கொழுக்கட்டை மாதிரி. ஆனா மேல பன்றிக்கொழுப்பு வறுவல் தூவிடுவாங்க. "பெஸ் ஸ்க்வாரெக்"னு முன்னாடியே சொல்லணும்.

பழங்கல்:
சரி, ஒரு நாளுக்கு ஏறி வருகிறேன். ஆனால் அந்த ஒரு நாளில் பாதியை முரானுவுக்குக் கொடுங்கள். 1943-இல் கெட்டோ (யூதர்களை அடைத்து வைத்த பகுதி) எழுச்சிக்குப் பிறகு தரைமட்டமான பகுதி. அதற்குப் பழைய முகப்பு எதையும் திருப்பித் தரவில்லை. கட்டடக்கலைஞர் போஹ்தான் லாஹெர்ட் இடிபாட்டை அள்ளிக் கொட்டாமல் மேடாக விட்டு, அதன் மேல் வீடு கட்டினார். நொறுக்கிய செங்கல் கலந்த கான்கிரீட் கட்டிகளே சுவர். நடைபாதையிலிருந்து வீட்டு வாசலுக்குப் படியேற வேண்டியிருக்கும், காலடியில் இருப்பது இயற்கை மேடு அல்ல. சிவந்த சுவரை அப்படியே விட நினைத்தார், பிறகு அதற்கும் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டார்கள். ஒரே நகரம், ஒரே காலம். யாருடைய தெரு திரும்பி வந்தது, யாருடையது வரவில்லை என்று பாருங்கள்.

விஸ்துலாக்கரை:
இதுல உங்களோட சண்டை இல்லை. முரானுவ் பார்க்காத வார்சா பயணம் அரைகுறைதான். ஆனா அதுக்காக அரண்மனையை வெட்டாதீங்க. 1944-ல வெடிவச்சது, மக்கள் நன்கொடையில 1971–84-ல கட்டினது. கனலெட்டோ அறையில 22 படம் தொங்குது. முதல்ல அதைப் பார்த்துட்டு க்ராகோவ்ஸ்கே ப்ஷெட்மியெஷ்சிய தெருவுல நடந்தா, அந்தப் படங்களோட நகல் வச்ச கண்ணாடிப் பெட்டிகள் அங்கங்க நிக்கும். படத்தையும் எதிர்ல இருக்கிற கட்டடத்தையும் ஒப்பிடலாம். அப்படியே பில்சுட்ஸ்கி சதுக்கம் வரைக்கும் போனா சாக்ஸன் அரண்மனையில தப்பின வளைவுகள், பெயர் தெரியாத வீரர் சமாதி. அந்த அரண்மனையைத் திரும்பக் கட்ட 2021-ல சட்டமே போட்டுட்டாங்க.

பழங்கல்:
முகப்பு பழசு, உள்ளே புது அலுவலகம். 1953-க்காவது வீடில்லாதவர்கள் என்ற காரணம் இருந்தது.

ரயில்பைத்தியம்:
ஆகஸ்ட் 1-ல போறவங்க கவனத்துக்கு: சாயங்காலம் 5 மணிக்கு சைரன் ஒலிக்கும், ஊரே ஒரு நிமிஷம் நின்னுடும், வண்டிகளும் நிக்கும். அன்னிக்கு அந்த நேரத்துல ரயிலைப் பிடிக்கிற திட்டம் இருந்தா அரை மணி முன்னாடியே நிலையத்துக்குப் போயிடுங்க.