மூன்று வழி ஸ்பீக்கருக்கு எந்த டிஜிட்டல் ஆக்டிவ் கிராஸ்ஓவர்?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் கட்டிய 3 வழி ஸ்பீக்கர் ஜோடியில், ஒலியைத் தாழ், நடு, உயர் என்று பிரிக்கும் பாசிவ் கிராஸ்ஓவரை (ஆம்புக்குப் பின்னால் இருக்கும் சுற்று) எடுத்துவிட்டு, ஆம்புக்கு முன்னாலேயே டிஜிட்டலாகப் பிரித்து, பக்கத்துக்கு மூன்றாக ஆறு சேனலுக்கும் தனித்தனி ஆம்ப் கொடுக்கப் போகிறேன். பிரிப்பது 350 ஹெர்ட்ஸ், 2500 ஹெர்ட்ஸ் இரண்டிலும்; லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டர், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு. இதற்கு ஆறு அவுட்புட் வேண்டும் என்பதால் நான்கே அவுட்புட் உள்ள மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி கிராஸ்ஓவர் கருவி போதாது.

பழைய பெரிங்கர் டிசிஎக்ஸ்2496 டிஜிட்டல் கிராஸ்ஓவர் கைமாற்றாகக் கிடைக்கிறது. அதில் 3 இன்புட், 6 அவுட்புட். ஆனால் மேடைக்குச் செய்த கருவி. சிக்னல் லெவல் அதிகம். என் ஆம்ப்களுக்கு 1 வோல்ட்டே போதும். வால்யூம் கண்ட்ரோலை டிசிஎக்ஸுக்கு முன்னால் வைத்தால், இரவில் மெதுவாகக் கேட்கும்போது இரைச்சல் மேலே வந்துவிடும். பின்னால் வைத்தால் ஆறு சேனலும் ஒன்றாக நகரும் கண்ட்ரோல் வேண்டும். எனக்குப் பெரிய சிக்கல் இதுதான். அவுட்புட்டில் அட்டென்யுவேட்டர் (சிக்னல் லெவலைக் குறைக்கும் சுற்று) போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை டெசிபல் குறைத்தீர்கள்?

இல்லை, கூடுதல் காசு போட்டு எட்டு அவுட்புட் உள்ள மினிடிஎஸ்பி ஃப்ளெக்ஸ் எய்ட் வாங்கிவிடலாமா?

அப்புறம், ஆன் செய்யும்போது வரும் 'தட்' சத்தத்திலிருந்து ட்வீட்டரை (உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) காக்க 20 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைத் தொடரில் போட நினைக்கிறேன். 8 ஓம் ட்வீட்டருக்கு அது சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னலைக் குறைக்கும். 2500 ஹெர்ட்ஸில் ஃபேஸ் (ட்வீட்டரும் நடு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) கெடுமா? அளந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.